தராசுக்கு முத்திரை உண்டு, இணைய வேகத்துக்கு?

நமது கடைகளில் உள்ள எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டாக வேண்டும். முத்திரைக் காலம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் ஆய்வாளர் வந்தால் வழக்குத்தான். பொட்டலம் போட்ட சரக்கில் நிகர எடை, விலை, பொட்டலம் போட்டவர் முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் 'துவரம் பருப்பு, 1 கிலோ வரை' என்று நாம் எழுத முடியுமா? எழுதினால் வாடிக்கையாளர் சிரிப்பார்; ஆய்வாளர் சிரிக்க மாட்டார்.

இதே கடையில், கல்லாவுக்கு மேல் பலகையில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது பிராட்பேண்ட் பெட்டி. அதற்கு மாதாமாதம் பணம் கட்டி நாம் வாங்கும் சரக்கு என்ன? '100 எம்பிபிஎஸ் வரை'. இந்த 'வரை' என்ற இரண்டெழுத்துச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போகிறோம். அளந்து விற்கும் தொழிலில் இருப்பவர்கள் நாம். நமக்கு அளந்து தரப்படுகிறதா என்று கேட்கும் உரிமை மற்றவர்களைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

நமது உறுப்பினர் ஒருவர் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறார். பெயர் வேண்டாம். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல். ஆகவே 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, வியாபாரிக்கு எழுதும் ஒவ்வொரு பில்லையும் இ-இன்வாய்ஸ் ஆகப் பதிவு செய்த பிறகே சரக்கை வெளியே அனுப்ப வேண்டியவர். ஒரு மாதம் 16-ந் தேதி மாலை அவருடைய மண்டியில் இணைப்பு செத்துவிட்டது. லைன்மேனுக்குப் போன் போட்டார். "நாளைக்கு வந்துடறேன் அண்ணாச்சி" என்றார் அவர். மறுநாளும் அதே பதில். மண்டியின் பின்கட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. அக்காள் மகனைத் தெருமுனையில் லேப்டாப்போடு உட்கார வைத்து பில் போட்டார்கள். இரண்டு லோடு லாரி காலையிலிருந்து பிற்பகல் வரை வாசலில் நின்றது. டிரைவர் காத்திருப்புக் கூலி கேட்டார். 20-ந் தேதி தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிஆர் 3பி படிவம் 22-ந் தேதிதான் போனது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இணைப்பு வந்ததும் 22-ந் தேதிதான்.

அடுத்த மாதம் பில் முழுத் தொகைக்கு வந்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வந்து வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் மிக மரியாதையாகக் கேட்ட ஒரே கேள்வி: "புகார் எண் சொல்லுங்கள், சார்." புகார் எண் இல்லை. ஆறு நாளும் அவர் பேசியது லைன்மேனின் சொந்தக் கைப்பேசிக்கு. நிறுவனத்தின் ஏட்டின்படி அவருடைய மண்டியில் அந்த மாதம் பழுது என்பதே ஏற்படவில்லை!

இதில் நாம் அந்தப் பெண்ணையோ லைன்மேனையோ குறை சொல்லப் போவதில்லை. லைன்மேன் நல்ல மனிதர். நாற்பது தெருவுக்கு அவர் ஒருவர். ஆனால் நாட்டில் இதற்கு விதி இருக்கிறது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே புகார் எண் வாங்கியிருப்பார்.

விதி என்ன சொல்கிறது?

1997-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய். இந்த ஆணையம் 2006 அக்டோபரில் பிராட்பேண்ட் சேவையின் தரத்துக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. 2007 ஜனவரி முதல் தேதி அவை நடைமுறைக்கு வந்தன. பழுதுகளில் 90 சதவீதத்துக்கு மேல் மறு வேலைநாளுக்குள்ளும், 99 சதவீதம் 3 வேலைநாளுக்குள்ளும் சரிசெய்யப்பட வேண்டும் என்றது அந்த விதி. தவறினால் வாடகைத் தள்ளுபடியும் உண்டு. பழுது 3 வேலைநாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை, 7 நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகை, 15 நாளையும் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்கப்பட வேண்டும். சந்தா கட்டிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிறுவனத்தின் முனையிலிருந்து நம் வீடு, கடை வரை வந்து சேர வேண்டும் என்றும் அதில் இருந்தது. இணைப்பை ரத்து செய்தால் 60 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருந்தது. இத்தனையும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் விதிப் புத்தகத்தில் இருந்தவை. நம் கடைவீதியில் இந்தத் தள்ளுபடியை வாங்கிய ஒருவரையாவது கண்டுபிடிக்க நாம் விசாரித்துப் பார்த்தோம். ஒருவரும் கிடைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் டிராய் பழைய விதிகளைத் திரட்டி, தொலைபேசி, செல்போன், பிராட்பேண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே புதிய விதித்தொகுப்பை வெளியிட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. நமக்கு வேண்டிய அம்சங்களை மட்டும் சொல்கிறோம். கம்பி வழி பிராட்பேண்ட் கேட்டுப் பணம் கட்டினால் 98 சதவீத இணைப்புகளை 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய விதியில் இது 15 வேலைநாள். பழுதைச் சரிசெய்ய 3 நாளுக்கு மேல் ஆனால் ஈடு தர வேண்டும். மாதக் கடைசியில் பில் கட்டுகிறவர், முன்பணம் கட்டுகிறவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. செல்போன் சேவை ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினாலும் ஈடு உண்டு; ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் முடக்கம் இருந்தால் அது ஒரு முழு நாளாகக் கணக்கிடப்படும். இயற்கைச் சீற்றத்தால் வந்த முடக்கத்துக்கு மட்டும் விலக்கு. தர அளவைத் தவறவிட்ட நிறுவனத்துக்கு முன்பு 50 ஆயிரம் ரூபாய் அபராதம் இருந்தது. இப்போது தவறின் அளவைப் பொறுத்து 1 லட்சம், 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று ஏறும்.

அபராதம் ஏறியது நல்லதுதான். ஆனால் அபராதப் பணம் நம் கைக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். நம் கைக்கு வரக்கூடியது வாடகைத் தள்ளுபடி மட்டுமே. மாத வாடகை ஆயிரம் ரூபாய் என்றால் ஏழு நாள் தள்ளுபடி 233 ரூபாய். இதற்காகவா இத்தனை பாடு என்று சிலர் கேட்கலாம். லாரிக் காத்திருப்புக் கூலியைக்கூட அது ஈடுகட்டாது என்பது உண்மைதான். ஆனால் நாம் வாங்கும் ஒவ்வொரு 233 ரூபாயும் நிறுவனத்தின் ஏட்டில் 'பழுது, தாமதம்' என்று ஒரு வரியாக ஏறுகிறது. அந்த வரிகளைக் கூட்டித்தான் டிராய் நிறுவனத்தை அளக்கிறது. கேட்காமல் விட்ட தள்ளுபடி, நிறுவனத்துக்கு நாம் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ்.

எட்டு ஆழாக்கு ஒரு படி

அளவு பற்றிப் பேசும்போது நம் பக்கத்துக் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும். "100 வாங்கினேன், கம்ப்யூட்டரில் 12தான் காட்டுகிறது, மோசடி" என்று சில உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் வந்து சொல்கிறார்கள். இது மோசடி அல்ல. பழைய அளவையில் 8 ஆழாக்கு சேர்ந்தால் ஒரு படி. மூத்த உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். இணையத்திலும் அதேபோல் 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். நிறுவனங்கள் வேகத்தை விற்பது பிட் கணக்கில். கம்ப்யூட்டரில் கோப்பு இறங்கும்போது காட்டுவது பைட் கணக்கில். 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட். ஆழாக்கில் வாங்கியதைப் படியில் அளந்தால் எட்டில் ஒன்றுதான் வரும்.

அதே 100-க்கு 3 வந்தால், அது வேறு விஷயம். ஆனாலும் உடனே போனை எடுக்க வேண்டாம். பெட்டியிலிருந்து நேராக ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகி அளந்து பாருங்கள். ஒயரில் சரியாக வந்து காற்றில் குறைந்தால் குறை நம் கடையில் இருக்கிறது. ஒரு கடையில் பெட்டியை பிரீசருக்குப் பின்னால், மேலே ஆறு எண்ணெய் டின் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு கடையில் எலி தன் பங்குக்கு ஒயரைக் கடித்திருந்தது! மின்சாரம் போனால் பெட்டியும் போகும். அதற்குச் சின்ன பேட்டரி வைக்காத குறையும் நம்முடையதே. இந்தப் பழிகளை எல்லாம் நீக்கிவிட்டு, காலை, பிற்பகல், இரவு எட்டு மணி என்று மூன்று வேளை, மூன்று நாள் அளந்து எழுதி வைத்தால் அது சாட்சி. டிராய் 2016-ல் வெளியிட்ட 'மைஸ்பீடு' என்ற செயலி கைப்பேசியிலேயே அளந்து காட்டும்.

இரவு எட்டு மணியைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிறுவனம் ஒரு தெருவுக்கு இழுக்கும் பெரிய குழாய் ஒன்றுதான். அதிலிருந்து பலருக்குப் பங்கு பிரிக்கப்படுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரே இடத்தைப் பலருக்கு விற்கிறார்கள். பஸ்ஸில் 50 இருக்கைக்கு 70 டிக்கெட் கொடுப்பது போல. இதில் தவறு என்று சொல்வதற்கில்லை. தொழிலே அப்படித்தான் நடக்க முடியும். ஆனால் ஒரு வரம்பு வேண்டாமா? 2009-ல் டிராய் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. வீட்டு இணைப்பு என்றால் 50 பேருக்கு ஒரு பங்கு, வியாபார இணைப்பு என்றால் 30 பேருக்கு ஒரு பங்கு என்று. வியாபார இணைப்புக்கு நாம் கூடுதல் பணம் கட்டுவது இதற்காகத்தான். அந்தக் கூடுதலுக்கு ஏற்ற பங்கு கிடைக்கிறதா என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்று. பிராட்பேண்ட் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கே அரசு ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. 2004-ல் அது 256 கேபிபிஎஸ். 2013-ல் 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே கொடுத்துவிட்டு பிராட்பேண்ட் என்ற பெயரில் விற்பது, பாமாயிலை ஊற்றி நல்லெண்ணெய் என்று லேபிள் ஒட்டுவது போன்றது.

சராசரி என்னும் திரை

இனி நமக்கு உண்மையில் மனக்குறை உள்ள இடத்துக்கு வருவோம். டிராயின் அளவுகோல்களில் பல, நிறுவனத்தின் சேவைப் பகுதி முழுவதையும் மொத்தமாகச் சேர்த்து எடுக்கப்படும் சதவீதங்கள். 2006 விதியில் சேவை கிடைக்கும் நேரம் 98 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் 2 சதவீதம் என்றால் 14 மணி 24 நிமிடம். அதாவது மாதத்தில் ஒன்றரைக் கடைநாள் இணைப்பே இல்லாமல் போனாலும் விதிப்படி நிறுவனம் தேர்ச்சி! அதுகூடப் பரவாயில்லை. அது ஒட்டுமொத்தக் கணக்கு என்பதால், பெருநகரில் எல்லாம் ஒழுங்காக ஓடினால், ஒரு தாலுகா ஊரின் கடைவீதி ஒரு வாரம் இருட்டில் கிடந்தாலும் சதவீதம் அசையாது.

நம் தராசுக்கு இப்படி ஒரு சலுகை கிடைக்குமா? 'என் கடையின் எல்லாப் பொட்டலங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆய்வாளரிடம் சொன்னால், எடை குறைந்த பொட்டலத்தைக் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில்?

இங்கிலாந்தில் இந்தச் சராசரித் திரையை எப்படி விலக்கினார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே முன்பு பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தால் போதும், அந்த வேகத்தை 'வரை' போட்டு விளம்பரம் செய்யலாம் என்றிருந்தது. 2018 மே மாதம் முதல் அது மாறியது. இரவு 8 மணி முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் பாதி வாடிக்கையாளருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் போடலாம். 2019 மார்ச்சிலிருந்து, ஆஃப்காம் என்ற அவர்களுடைய ஆணையத்தின் நெறிமுறையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள், விற்கும்போதே அந்தந்த முகவரிக்கு உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச வேகத்தைச் சொல்ல வேண்டும். வேகம் அதற்குக் கீழே போய், 30 நாளில் சரிசெய்யப்படாவிட்டால், அபராதமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். 2019 ஏப்ரலில் தானியங்கி ஈட்டுத் திட்டமும் வந்தது. பழுதைத் தெரிவித்த பின் இரண்டு முழு வேலைநாள் தாண்டினால் நாளொன்றுக்கு 8 பவுண்டு என்று தொடங்கினார்கள். வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை. பில்லில் தானாகக் கழிந்துவிடும். திட்டத்தில் சேருவது நிறுவனத்தின் விருப்பம் என்றாலும், பெரிய நிறுவனங்கள் சேர்ந்தன.

இதில் நமக்குப் பிடித்தது எட்டு பவுண்டு அல்ல. 'கேட்க வேண்டியதில்லை' என்பதுதான். பழுது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. தள்ளுபடியைக் கணக்கிட அதைவிட வேறென்ன வேண்டும்? கட்டணம் ஒரு நாள் தாமதமானால் இணைப்பைத் தானாக நிறுத்தத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, பழுது மூன்று நாளைத் தாண்டினால் தானாகக் கழிக்கவும் சொல்லித்தரலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு நிறுவனத்தின் புகார் மையம். 2012-ம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தந்தாக வேண்டும். அந்த எண் இல்லாத புகார், ரோக்கா இல்லாமல் கொடுத்த கடன். லைன்மேனிடம் தாராளமாகப் பேசுங்கள். அவர்தான் வந்து சரிசெய்யப் போகிறவர். ஆனால் அவரிடம் பேசும் முன் மையத்தில் எண் வாங்கிவிடுங்கள்.

குறை தீரவில்லை என்றால், அல்லது தீர்த்த விதம் திருப்தி இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் சம்பளம் வாங்குபவர் நமக்கு என்ன நியாயம் சொல்லுவார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் எழுத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. அடுத்த கதவுக்கு அது தேவைப்படும். டிராய்க்கே நேராக எழுதலாமே என்றால், தனிநபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பது டிராயின் வேலை அல்ல. அங்கே எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டு நிறுவனத்துக்கே வரும்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். இந்தக் கதவு பல ஆண்டு மூடிக் கிடந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, தொலைபேசித் தகராறுகளுக்குப் பழைய தந்திச் சட்டத்தில் தனி வழி இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்றது. 2022 பிப்ரவரி 16-ந் தேதி அதே உச்ச நீதிமன்றம், ஒரு செல்போன் நிறுவன வழக்கில் அந்த நிலையை மாற்றி, நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாக்கியது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. நம் ஊர் ஆணையத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் இங்கேதான் வியாபாரிகளுக்கு ஒரு முள் இருக்கிறது. இதைச் சொல்லாமல் 'வழக்குப் போடுங்கள்' என்று மட்டும் எழுதினால் நாம் உங்களைத் தவறான வழியில் அனுப்பியவர்கள் ஆவோம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவர் சட்டத்தின் கண்ணில் 'நுகர்வோர்' அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு இருந்தது. 1995-ல், நமது கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியிருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. தானே கல்லாவில் உட்கார்ந்து, ஒரு பையனை உதவிக்கு வைத்திருக்கும் சின்ன மளிகைக்காரருக்கு இது ஆறுதல். ஆனால் 2019 சட்டத்தில் அந்த விலக்கின் வாசகத்தில் 'பொருள்' என்ற சொல் மட்டும் இருக்கிறது. பழைய சட்டத்தில் அதன் கூடவே இருந்த 'சேவை' என்ற சொல்லைக் காணோம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அவரைக் குறை சொல்ல முடியாது. 5 கோடி வியாபாரம் செய்யும் நம் மிளகாய் மண்டி அண்ணாச்சிக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியதுதான். பாதிக்கப்பட்டவர் அவர், விதி அவர் பக்கம், ஆனால் கேட்பதற்கு இடம் இல்லை.

சட்டத்தை எழுதியவர்கள் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து இந்த விலக்கை எழுதியிருப்பார்கள். கம்பெனிக்கு வக்கீல் உண்டு. ஒப்பந்தத்தில் தனி ஷரத்து உண்டு. ஒரு கம்பி அறுந்தால் இன்னொரு கம்பி உண்டு. கடைவீதி வியாபாரிக்கு அச்சடித்த படிவத்தில் கையெழுத்து மட்டுமே உண்டு. 'சிறு வணிகர்' என்று ஒரு வகையை ஏற்படுத்தி, தொலைத்தொடர்பு போன்ற சேவைகளில் அவரையும் நுகர்வோராகச் சேர்க்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

சங்கத்துக்கு ஒரு கதவு

அதுவரை என்ன செய்வது? டிராய் சட்டத்தின் 14-ம் பிரிவைப் படித்துப் பார்த்தோம். 2000-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, டிடிசாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயம் டில்லியில் அமைக்கப்பட்டது. தனி நுகர்வோர் ஒருவரின் புகாரை அது எடுத்துக்கொள்ளாது. ஆனால் சேவை நிறுவனத்துக்கும் 'நுகர்வோர் குழு' ஒன்றுக்கும் இடையிலான தகராறை விசாரிக்கும். தனி ஆளாக நிற்கும் கடைக்காரருக்குத் திறக்காத கதவு, சங்கமாகச் சேர்ந்து வந்தால் திறக்கும் என்றே நாம் இதைப் படிக்கிறோம். டில்லி வரை போவது, வக்கீல் வைப்பது எல்லாம் ஒரு கடைக்குக் கட்டுப்படியாகாது. நூறு கடைக்குக் கட்டுப்படியாகும். உண்மையைச் சொன்னால், அங்கே போகாமலே வேலை நடக்கலாம். ஒரே கடைவீதியில் 60 கடைகளின் புகார் எண்களும், பழுது தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், வேக அளவும் ஒரே தாளில் சங்கத்தின் முத்திரையோடு நிறுவனத்தின் மண்டல அலுவலக மேஜைக்குப் போனால், அதை 'சராசரி' என்று ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

அதற்கு முன் நம் வீட்டை நாம் பெருக்கியாக வேண்டும். நம்மில் பாதிப் பேரிடம் பிராட்பேண்டுக்கு பில் இல்லை. கேபிள்காரர் மாதம் பிறந்ததும் வந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு அட்டையில் கிறுக்கிவிட்டுப் போகிறார். நமக்கும் அது வசதி. ஆனால் அவர் பின்னால் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று இருக்கிறது. விதிப்படி பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்தின் ஏட்டில் நாம் யார் பெயரில், எந்தத் திட்டத்தில், எந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. புகார் எண் குறுஞ்செய்தியாக வரும்போது அது கேபிள்காரர் போனுக்குப் போகிறது. இன்னும் சிலர் வீட்டுத் திட்டத்தை வாங்கிக் கடையில் ஓட்டுகிறார்கள். பழுது நீடித்துத் தகராறு வந்தால் நிறுவனம் முதலில் இதைத்தான் எடுத்துக் காட்டும்.

பில் கேட்டு வாங்குங்கள். இணையக் கட்டணத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. 700 ரூபாய்த் திட்டத்துக்கு வரி 126 ரூபாய். கடையின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் இருந்தால், சாதாரணப் பதிவில் உள்ள வியாபாரி அந்த 126-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது இல்லை. ஆண்டுக்கு 1,512 ரூபாய். அட்டையில் கிறுக்கல் வாங்கிக்கொண்டு அதை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நமது சங்க அலுவலகத்தில் இந்த மாதம் முதல் ஒரு தடிமனான நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தெருவாரியாகப் பக்கம் பிரித்திருக்கிறோம். இணைப்பு போன தேதி, நேரம், புகார் எண், திரும்பி வந்த நேரம், தள்ளுபடி கிடைத்ததா இல்லையா என்று ஐந்து கட்டம். நேரில் வர முடியாதவர்கள் வசூலுக்கு வரும் அலுவலகப் பையனிடம் சீட்டெழுதிக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி மூன்று மாத பிராட்பேண்ட் பில்லைக் கையோடு எடுத்து வாருங்கள். பில் இல்லாதவர்கள் கேபிள்காரரையே அழைத்து வாருங்கள். அவருக்கும் டீ உண்டு. முதல் பக்கத்தில் மிளகாய் மண்டி அண்ணாச்சியின் ஆறு நாள் ஏறிவிட்டது. புகார் எண் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.